வட்டகொடையில் நான் பிணமாகக் கிடந்த ஒன்றரை மணி நேரம்

காவிரியில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று சேதி வந்த பிறகும், ஆற்று மணலில் போட்ட கல்யாணப் பந்தலைக் கழற்றாமல் தாலி கட்டி முடியும்வரை நிறுத்திக் காட்டியவன் நான். முழங்கால் அளவு தண்ணீரில் மாப்பிள்ளை நின்றார், பந்தலும் நின்றது. ஆடிக்காற்றில் பக்கத்துப் பந்தல்காரனின் கூரை பறந்து போய் பஸ் நிலையத்தில் விழுந்த அன்று என் கூரையில் ஒரு கீற்று அசையவில்லை. நாற்பது பேர் ஏறுவார்கள் என்று சொல்லிக் கட்டச் சொன்ன கட்சி மேடையில் நூற்றிருபது பேர் ஏறினார்கள். அந்தக் கட்சி அப்புறம் சரிந்தது, என் மேடை சரியவில்லை. துறையூரில் மூன்று மாடி வீடு கட்டியிருக்கிறேன். எல்லாம் ஐந்தாம் வகுப்புப் படிப்பில். ஆறாம் வகுப்புக்குப் போயிருந்தால் நாலாவது மாடியும் வந்திருக்கும் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இதையெல்லாம் சொல்லக் காரணம் உண்டு. இலங்கையில் நான் கட்டிய மேடையைப் பற்றியும் அன்றைக்கு நடந்ததைப் பற்றியும் ஆளுக்கு ஒரு விதமாகப் பேசுகிறார்கள். நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

என் இளைய மகள் செல்வி நாடகம் படித்தவள். வெளிநாட்டில் போய்ப் படித்துவிட்டு, இலங்கை மலைநாட்டில் வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாலு பிள்ளைகளைச் சேர்த்து நாடகக் குழு நடத்துகிறாள். நாடகம் நானூறு வருஷத்துக்கு முந்திய இங்கிலாந்துச் சரக்கு. ஒரு கோமகனை விஷம் வைத்துக் கொன்றுவிடுகிறார்கள். அவன் தங்கை பழி வாங்கக் கிளம்புகிறாள். கடைசியில் ஒருத்தர் மிச்சமில்லாமல் எல்லோரும் சாகிறார்கள். இதில் புதுமை என்னவென்றால் வசனம் கிடையாது, பாட்டு கிடையாது. உடம்பை வளைப்பதும் அடிவயிற்றிலிருந்து சத்தம் எடுப்பதும்தான் நாடகம்.

அதற்கு அவளுக்குச் சரிவான மேடை வேண்டியிருந்தது. மேலே நிற்கிறவன் உருண்டு கீழே வரவேண்டுமாம். அந்த ஊர் தச்சர், வேண்டுமென்றே கோணலாக ஒன்றைக் கட்டி அதில் தன் பெயரைக் கெடுத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார். மகள் எனக்குப் போன் போட்டாள். கிளம்பிவிட்டேன்.

முதல் நாள் குளிரிலேயே போயிற்று. எங்கள் ஊரில் மார்கழி விடியற்காலையில் ஒரு மணி நேரம் வருகிற குளிர் அங்கே மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து உட்கார்ந்துகொள்கிறது. பலகையும் கட்டையும் ஏற்றிய ஆட்டோ மேட்டில் ஏற முடியாமல் பின்னோக்கி வரத் தொடங்கியது. நான் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு சக்கரத்துக்குப் பின்னாலேயே நடந்தேன். நாலு அடி ஏறும், நான் கல்லை வைப்பேன், மறுபடி நாலு அடி. வண்டிக்காரர் இறங்கச் சொன்னபோது மூன்று அட்டைகள் என் காலில் ஏறிச் சாப்பிட்டு முடித்திருந்தன. அதற்கும் வாடகை உண்டா என்று கேட்டேன். அது தோட்டத்தோட விருந்து, ஐயா, என்றார்.

தேங்காய் ரொட்டியும் இடித்த மிளகாய்ச் சம்பலும் கொடுத்தார்கள். நம் ஊர் இட்லிப் பொடியெல்லாம் அந்தச் சம்பலுக்கு முன்னால் திருநீறு மாதிரி. பால் இல்லாத தேநீரை அங்கே சாயத்தண்ணி என்கிறார்கள். சர்க்கரையை உள்ளங்கையில் வாங்கி நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும். எனக்கு இரண்டு கையும் ஒத்துழைக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று.

சாயங்காலம் ஒத்திகை பார்த்தேன். தங்கமணி என்று ஒரு பெண், காலையில் கொழுந்து பறிக்கிறவள், அவள்தான் கோமகனின் தங்கை. தரையில் மல்லாந்து படுத்து ஊளை மாதிரி ஒன்றை எடுத்தாள். லயம் என்கிற தொழிலாளர் வீட்டு வரிசைகளிலிருந்து நாய்கள் எல்லாம் பதில் சொல்லின. கோமகனின் பிணத்துக்குப் பதிலாக, ஒரு தேயிலைச் சாக்கில் வைக்கோல் அடைத்து வைத்திருந்தார்கள். மற்ற மூன்று பேரும் அதைச் சுற்றி நண்டு மாதிரி நடந்தார்கள்.

செல்வி என்னைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். போன தடவை ஹட்டனில் போட்டபோது வந்தவர்கள் ஆறு பேர். அதில் இரண்டு பேர் தூங்கினார்கள், மூன்று பேர் பாதியில் போய்விட்டார்கள், ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். இந்தக் குழுவை ஆதரிக்கிற கொழும்பு மனிதர் இந்த வாரம் நேரில் வருகிறார். தோட்டத்து ஜனங்கள் வந்து கடைசிவரை உட்கார்ந்தால் குழு நடக்கும். இல்லாவிட்டால் அன்றோடு இழுத்து மூட வேண்டியதுதான்.

"அப்பா, மேடை மட்டும் கட்டிக் குடுங்க. கூட்டத்த நான் பார்த்துக்கிறேன்" என்றாள்.

கூட்டம் இல்லாத மேடை எதற்கு என்று நான் நினைத்தேன்.

தோட்டத்தில் முத்தையா என்று ஒருவர் மரணாதார சங்கத்துத் தலைவர். சாவு விழுந்தால் கூடாரம், நாற்காலி, தேநீர் போடுகிற பெரிய அண்டா எல்லாம் அவர் பொறுப்பில் வரும். நானும் பந்தல்காரன், அவரும் ஒரு வகையில் பந்தல்காரர் என்பதால் உடனே பழகிவிட்டோம். கூட்டம் சேர்க்க வழி கேட்டேன். காலையில் ஆறரை மணிக்குப் பெரட்டுக்கு வந்தால் எல்லோரும் இருப்பார்கள், அங்கேயே சொல்லிவிடலாம் என்றார்.

எங்கள் பக்கத்தில் பெரட்டு என்றால் கோழிப் பெரட்டு. விடியற்காலையில் தோட்டம் முழுவதும் கூடிக் கோழி சாப்பிடுகிற ஊர் என்று மகிழ்ந்துபோய், இரவுச் சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டு மறுநாள் போனேன். தூறலில் பெண்களும் ஆண்களும் வரிசையாக நின்றார்கள். கண்டாக்கு என்கிற மேற்பார்வைக்காரர் பெயர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்குப் போக வேண்டும் என்று பிரித்துக்கொண்டிருந்தார். ஆள் கணக்கு எடுக்கிற இடத்துக்குத்தான் அங்கே பெரட்டு என்று பெயர். கோழி எங்கே என்று நான் கேட்கவில்லை. என் மரியாதை எனக்கு முக்கியம்.

வெறும் வயிற்றோடு ஒரு கல்மேல் ஏறி நின்று நாடகத்தை அறிவித்தேன். நாளை மறுநாள் மூன்று மணி, தோட்டத்து ஹாலில் என்றேன். பாட்டு இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். வசனம்? அதுவும் இல்லை. பிறகு என்னதான் இருக்கிறது என்று கேட்டார்கள். சத்தம், என்றேன்.

கூடையைத் தலையில் மாட்டியிருந்த ஒரு அம்மாள் சிரித்துக்கொண்டே, "சத்தத்துக்கு நாங்க எதுக்குங்க ஹாலுக்கு வரணும்? கண்டாக்கு ஐயா தெனமும் சும்மாவே போடுறாரு" என்றாள். கண்டாக்கைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கல்லின்மேல் நின்றபடியே ஒரு முடிவுக்கு வந்தேன். ஜனங்கள் காதால் வரமாட்டார்கள், கண்ணால்தான் வருவார்கள். எந்த விசேஷத்துக்கும் பாதை அலங்காரம் வேண்டும்.

செல்வி மேடைக்குப் பின்னால் தொங்கவிடக் கொஞ்சம் வெள்ளைத் துணி கேட்டிருந்தாள். மூன்றாம் நாள் அதை வாங்கத் தலவாக்கலைக்குப் போனேன். ஒரு முஸ்லிம் பெரியவரின் துணிக்கடை. அங்கே அவர்களை நானா என்று கூப்பிடுகிறார்கள். நான் நம் ஊர் வழக்கப்படி பாய் என்றேன், அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. வெள்ளைத் துணி ஒரு முழு உருளை வேண்டும் என்று தோட்டத்தின் பெயரையும் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"யாருக்குங்க ஐயா?" என்று மெதுவாகக் கேட்டார்.

மேடை என்னுடையது, துணியும் எனக்குத்தானே. "எனக்குத்தான் பாய்" என்றேன்.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "டாக்டர்மாரு சொல்லிட்டாங்களா?"

நாடகம் படித்துப் பட்டம் வாங்கியவர்களை இங்கே டாக்டர் என்பார்கள்போல என்று எடுத்துக்கொண்டேன். "மக சொல்லிட்டா. நாளைக்கு மூணு மணிக்கு."

"நாளைக்கேவா?"

"மூணுக்கு ஆரம்பிச்சா நாலரைக்கு முடிஞ்சிரும்."

"பயமா இல்லையா ஐயா?"

"இதுக்கெல்லாம் பயந்தா முடியுமா பாய்? நான் எத்தனையோ பார்த்தவன். கூட்டம் வரணும், அது ஒண்ணுதான் எனக்குக் கவலை."

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "வருவாங்க. நான் சொல்லிவிடுறேன். நீங்க நிம்மதியா போங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. கலையை இவ்வளவு மதிக்கிற வியாபாரியை நான் துறையூரில் பார்த்ததில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் வெள்ளை உருளையைத் தோளில் வைத்திருந்த எனக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள், ஒருத்தர் இல்லை, நாலு பேர். அதையும் நான் மரியாதை என்றுதான் கணக்கில் வைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே மேடை முடிந்தது. அடிக்கு மூன்று அங்குலம் சரிவு. இழைப்புளியால் இழைத்து எண்ணெய் தடவிவிட்டேன், கண்ணாடி தோற்றது. பிறகு மிச்சமிருந்த துணியை நீள நீளமாகக் கிழித்துக் கயிற்றில் கட்டி, பெரிய பாதையிலிருந்து ஹால் வாசல்வரை இரண்டு பக்கமும் தொங்கவிட்டேன். நாடகப் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. காலையில் பார்த்து அசந்துபோகட்டும் என்று இருந்தேன். அவர்களோ மறுநாள் விடியற்காலை இருட்டில் வந்து ஹாலுக்குள் புகுந்தவர்கள், வெளியே தலைகாட்டவே இல்லை. நானும் ஆறு மணியிலிருந்து மேடைக்கு அடியில் படுத்து முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணிக்குச் செல்வி குரல் பயிற்சியைத் தொடங்கினாள். நாலு பேரும் ஒரு மணி நேரம் ஓலமிட்டார்கள். தங்கமணியின் சத்தம் எதிர்மலையில் போய் மோதித் திரும்பி வந்தது.

இரண்டு மணிக்கு வெளியே தப்பு அடிக்கிற சத்தம் கேட்டது. செல்வி கதவிடுக்கில் பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். "அப்பா, நானூறு பேருக்கு மேல இருக்கும். நாற்காலி கூட அவங்களே கொண்டுவந்திருக்காங்க" என்றாள். நான் என் பாதை அலங்காரத்தைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். அவள் கை என் தோளிலிருந்து நழுவியது.

தங்கமணியும் இடுக்கில் பார்த்தாள். ஆண்கள் வெள்ளைச் சட்டையில். முத்தையா கூடாரம் இறக்கிக்கொண்டிருந்தார். அண்டாவில் தண்ணீர் கொதித்தது. யாரோ மலர்வளையத்தோடு நின்றார்கள்.

"அக்கா, இவங்க நாடகத்துக்கு வரல" என்றாள். "நம்ம ஐயா செத்துப்போயிட்டாருன்னு வந்திருக்காங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த நாட்டில் பாதையோரம் வெள்ளை தொங்கினால் அங்கே சாவு என்று அர்த்தம். துணிக்கடைக்காரர், சாகப்போகிற நாளும் நேரமும் தெரிந்து தன் சாவுக்கான வெள்ளைத் துணியைத் தானே வாங்கிப் போன இந்தியாப் பெரியவரைப் பற்றி ஊருக்கெல்லாம் போன் போட்டிருக்கிறார். காலையிலிருந்து என்னை யாரும் பார்க்கவில்லை. பதினொரு மணிக்கு ஓலம் கேட்டிருக்கிறது. மலையிலிருந்து எல்லோரும் இறங்கிவிட்டார்கள்.

போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன். அதே நேரத்தில் கொழும்பு மனிதரின் கார் வந்து நின்றது. ஜனங்கள் அவரை யாரோ பெரிய சொந்தக்காரர் என்று நினைத்து முன்வரிசையில் உட்காரவைத்துச் சாயத்தண்ணி கொடுத்தார்கள். ஒரு அம்மாள் அவர் கையைப் பிடித்து அழுதாள். அவர் தமிழ் தெரியாதவர், அவரும் தலையை ஆட்டினார்.

நான் உயிரோடு வெளியே போனால் கூட்டம் கலைந்துவிடும். கலைந்தால் குழு முடிந்தது. செல்வி ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கோமகனின் சாக்கைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

"அப்பா, கொஞ்ச நேரம் படுத்துக்கிறீங்களா?"

படுத்தேன். பெற்ற மகளுக்காக அப்பன்மார் என்னென்னவோ செய்திருப்பார்கள், இதை ஒருத்தரும் செய்ததில்லை.

எல்லோரும் ஹாலுக்குள் வந்து உட்கார்ந்ததும், சரியாக மூன்று மணிக்குத் திரை விலகியது. நானூறு பேரும் என்னைப் பார்த்ததும் ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள், அடிவயிற்றுக் குரலுக்கு ஒரு வருஷம் படித்த என் மகளே மிரண்டுபோனாளாம், பிற்பாடு சொன்னாள். தங்கமணி தன் ஊளையை எடுத்தாள். கீழே இருந்த பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இவள் நிறுத்தினால் அவர்கள் எடுத்தார்கள், அவர்கள் தளர்ந்தால் இவள் எடுத்தாள். நடுவில் என்னைப் பற்றி இட்டுக்கட்டிப் பாடவும் தொடங்கினார்கள். கடல் தாண்டி வந்த கைராசிக்காரரே, கல்லுமேல ஏறி நின்று கூப்பிட்டீங்களே, ஒருத்தரும் வரமாட்டோமுன்னு சிரிச்சோமே என்று, பெரட்டில் என்னைக் கேலி செய்த அதே அம்மாளின் குரல். என் மூன்று மாடி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில்கூட என்னை இவ்வளவு புகழ்ந்ததில்லை. கண்ணீர் வந்துவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பிள்ளைகள் என்னைச் சுற்றி நண்டு நடை நடந்தார்கள். மேடைக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர், இதெல்லாம் என்ன என்று கேட்டார். "இந்தியாவுல இப்படித்தான் சடங்கு செய்வாங்க போல" என்றார் இன்னொருவர். அதற்குப் பிறகு யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. விஷம் வைத்தவனாக நடித்த பையன் கதைப்படி சிரித்தான். சாவு வீட்டில் சிரிக்கிறான் பார் என்று இரண்டு பேர் அடிக்க எழுந்தார்கள். அவன் நிஜமாகவே பயந்து நடுங்கினான். கொழும்பு மனிதர் அதைக் குறித்துக்கொண்டதாகக் கேள்வி.

எனக்கு இருந்த கஷ்டம் வேறு. என் சொந்த வேலைப்பாடே என்னைக் காட்டிக்கொடுத்தது. எண்ணெய் தடவிய சரிவில் நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போய்க்கொண்டிருந்தேன். கால் மேடை விளிம்புக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒரு பிள்ளை அழுதுகொண்டே வந்து அக்குளில் கைகொடுத்து மேலே இழுத்துப் போடும். பிணத்துக்குப் போக மனசில்லை என்று கீழே பேசிக்கொண்டார்கள். இப்படி ஆறு தடவை.

ஒருத்தர்கூட எழுந்து போகவில்லை. பிணம் எடுக்காமல் சாவு வீட்டை விட்டுப் போகிற வழக்கம் அந்தத் தோட்டத்தில் இல்லை.

நாலரைக்குக் கதைப்படி எல்லோரும் செத்து என்னைச் சுற்றி விழுந்தார்கள். தப்பு நின்றது. அப்போது யாரோ மேடைமேல் ஏறி வந்தார்கள். முத்தையாவின் செருமல்.

"பெரியவருக்கு மகன் இங்க இல்ல. சங்கம் சார்பா நானே போடுறேன்" என்று சொல்லி, குனிந்து, என் வாயில் அரிசி போட்டார்.

காலையிலிருந்து பட்டினி. நான் என்ன செய்வேன். மென்றுவிட்டேன். அரிசி தொண்டையில் மாட்ட, இருமிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன்.

ஹால் காலியாக எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராவது கேட்டால், நானூறு பேருக்கு ஒரே கதவு, ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. ஓடாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் கொழும்பு மனிதர், எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் முத்தையா. கையில் மீதி அரிசியோடு அப்படியே நின்றார்.

"ஐயா, நீங்க சாகலையா?"

"இல்லை முத்தையா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார். கோபமில்லை. குரல் இறங்கியிருந்தது. நான் அவர் காலைத் தொடப் போனேன், தடுத்துவிட்டார். செல்வி ஓடிவந்து நடந்ததையெல்லாம் சொல்லி, குழுவின் கதையையும் சொல்லி, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் யோசித்தார். தோட்டத்தில் ஒருநாள் வேலை முடித்தால் முழுக்கூலிக்குப் பேர் போடுவார்கள், பாதியில் இறங்கினால் அரைப்பேர்தான். இன்றைக்கு எல்லோருக்கும் அரைப்பேர் ஆயிற்று என்றார். பிறகு வெளியே போய், தூரத்தில் கும்பலாக நின்றவர்களிடம் விளக்கினார். அப்புறம் ஒரு சிரிப்பு புறப்பட்டு மலை முழுக்க ஏறியது.

முத்தையா திரும்பி வந்தார். "அரைப்பேரு போனா போகுதுங்குறாங்க. தோட்டத்து மேல் பகுதி டிவிஷன்காரங்க பார்க்கலையாம். நாளைக்கும் ஒருக்கா படுப்பீங்களா?"

படுத்தேன். மறுநாள் எல்லோரும் நாடகம் என்று தெரிந்தே வந்தார்கள். தெரிந்தேதான் அழுதார்கள். நான் எழுந்து உட்காருகிற இடத்தில் மட்டும் விசில். கொழும்பு மனிதர் போவதற்கு முன் செல்வியிடம் பேசியதை அவள் தமிழில் சொன்னாள். பார்ப்பவர்களையே துக்கக்காரர்களாக மாற்றியது துணிச்சலான கற்பனையாம். விளிம்புக்கும் மேட்டுக்கும் இடையில் அந்த உடல் போய்ப் போய் வந்தது விதியின் கனத்தைக் காட்டியதாம். குழுவை மூடவேண்டாம், கொழும்பிலும் போடலாம் என்று சொல்லிவிட்டார்.

எல்லாம் சந்தோஷம். ஆனால் கொழும்பில் போட்ட நாடகத்துக்கு அச்சடித்த புத்தகம் போன வாரம் தபாலில் வந்தது. நெறியாள்கை, செல்வி. சரி. தங்கை, தங்கமணி. சரி. நாற்காலி உதவி, மரணாதார சங்கம். அதுவும் நியாயம். அட்டைப்படத்தில் சரிவு மேடையும் அதில் மல்லாந்து கிடக்கிற நானும், மூக்கு உட்பட நன்றாகவே விழுந்திருக்கிறது. உள்ளே நடிகர் பட்டியலின் கடைசி வரியில், பிணம்: தேயிலைச் சாக்கு.

செல்விக்குப் போன் செய்தேன். பழைய பட்டியலை மாற்ற மறந்துவிட்டோம் அப்பா, அடுத்த தடவை நன்றிப் பகுதியில் மேடை உதவி என்று உங்கள் பெயரைச் சேர்த்துவிடுகிறேன் என்கிறாள். அது அரைப்பேர். நான் பாதியில் இறங்கியவன் இல்லை. இரண்டு நாளும் மூன்று மணியிலிருந்து நாலரைவரை மூச்சை அடக்கிக் கிடந்து, வாயில் அரிசியும் வாங்கிக்கொண்டவன். ஆகவே இதைப் படிக்கிற நாடகக்காரர்கள் யாராக இருந்தாலும் என் மகளிடம் எடுத்துச் சொல்லுங்கள். அடுத்த அச்சில் சாக்கை எடுத்துவிட்டு, அந்த வரியில், தங்கமணிக்குப் போட்ட அதே அளவு எழுத்தில், பிணம்: துறையூர் பந்தல் மு. சின்னக்கண்ணு என்று முழுப்பேராகப் போட வேண்டும்.